பஞ்சும் நெருப்பும்

பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாகாது என்பது, நம் வீட்டுப் பெரியவர்கள் வேறொரு விஷயத்தைக் குறித்துச் சொல்லிவந்த பழமொழி. கொங்கு நாட்டில் மட்டும் அதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கோயமுத்தூரிலும், திருப்பூரிலும், பல்லடத்திலும், சோமனூரிலும், ஈரோட்டிலும், இரவென்றும் பகலென்றும் பாராமல், பஞ்சும் அதை எரிக்கவல்ல உஷ்ணமும் ஒரே கூரையின்கீழ் வாசம் செய்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்து வைத்தே இந்நாடு பிழைக்கிறது. சேர்த்து வைக்காமல் இருக்க முடியாது. ஆகவே சேர்த்து வைக்கும் விதத்தையாவது அறிந்திருக்க வேண்டும். அதை நாம் அறிந்திருக்கிறோமா என்பதே கேள்வி.

கோடை பிறந்துவிட்டால், பஞ்சுக் கிடங்கில் தீ, பனியன் கம்பெனியில் தீ, தேங்காய் நார்க் களத்தில் தீ என்ற செய்திகள் பத்திரிகைகளில் இடம்பெறத் தொடங்குகின்றன. அவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இத்தனை லட்சம் ரூபாய்ச் சரக்கு நாசம்; தீயணைப்புப் படையினர் இத்தனை மணி நேரம் போராடினர்; மின்கசிவே காரணம் என்று கருதப்படுகிறது; நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. கடைசி வாக்கியத்தைப் படித்ததும் நாம் பெருமூச்சு விட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் அந்த "நல்ல வேளை" என்ற இரண்டு சொற்களிலேதான் விஷயம் அடங்கியிருக்கிறது. உயிர்ச்சேதம் நேராதது ஆலையில் இருந்த ஏற்பாட்டினாலா? அல்லது தீப்பற்றிய சமயத்தில் ஆட்கள் சாப்பிடப் போயிருந்த அதிர்ஷ்டத்தினாலா? அதிர்ஷ்டத்தினால் என்றால், அடுத்த முறை அதே அதிர்ஷ்டம் வாய்க்கும் என்பதற்கு யார் ஜாமீன்?

"மின்கசிவு" என்னும் சமாதானம்

முன்காலத்தில் ஊரில் வாந்திபேதி கண்டால் அம்மன் கோபம் என்பார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்பதை ஜனங்கள் அறிந்துகொள்ள வெகு காலம் பிடித்தது. இன்று தொழிற்சாலைத் தீக்கு "மின்கசிவு" என்பது அவ்விதமான ஒரு சமாதானமாகிவிட்டது. மின்சாரத்தினால் தீ உண்டாவதில்லை என்று நாம் சொல்லவில்லை; மிகவும் உண்டாகிறது. ஆனால் மின்கசிவு வானத்திலிருந்து விழுவதன்று. பத்து யந்திரங்களுக்குப் போட்ட கம்பியில் பதினைந்து யந்திரங்களை ஓட்டியதும், உறை கிழிந்த ஒயரை நாடாவால் சுற்றி விட்டதும், சுவிட்சுப் பெட்டியின் மேல் படிந்த பஞ்சுத் தூசியை ஒரு மாதமாகத் துடைக்காததும், பியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைச் சொருகியதும் சேர்ந்து பெற்ற பிள்ளையே அது. இவை ஒவ்வொன்றையும் தீப்பற்றுவதற்கு முந்திய நாளே கண்ணாற் பார்த்திருக்கலாம், கையாற் சரிசெய்திருக்கலாம்.

தொழிலிடத்துத் தீ விதியினால் வருவதன்று; முன்கூட்டியே எண்ணிப் பார்க்கக் கூடியது, பெரும்பாலும் தடுக்கக் கூடியது. அதை எண்ணிப் பார்ப்பது சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவரின் வேலை மட்டுமன்று. அந்தக் கூரையின்கீழ் வேலை வாங்குவோரும் வேலை செய்வோரும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை. நாம் வற்புறுத்த விரும்புவது இதுவே. வருமுன் காவாதவனுடைய வாழ்வுக்கு உவமை தேடிய வள்ளுவர், நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போரைக் கண்டார். நம் ஜில்லாவுக்கு வந்திருந்தால் பஞ்சுப் பொதியைக் கண்டிருப்பார்.

கொங்கு நாட்டின் செல்வம்

கோயமுத்தூரில் முதல் நூற்பாலை 1888-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. ஸ்டேன்ஸ் மில் என்று ஜனங்கள் அழைத்த அந்த ஆலைக்குப் பின் வெகு காலம் வளர்ச்சி மந்தமாகவே இருந்தது. 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பிறகே, ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி, கோயமுத்தூர் தென்னாட்டு மான்செஸ்டர் என்று பெயர் பெற்றது. 1933-ல் தென்னிந்திய ஆலை முதலாளிகள் சங்கம் இந்நகரில் தோன்றியது. 1956-ல் நூல் தொழிலுக்கென்றே "சிட்ரா" என்னும் ஆராய்ச்சிக் கழகம் இங்கே நிறுவப்பட்டது. அந்நிய மூலதனத்தை எதிர்பாராமல், நிலத்தில் விளைந்த பணத்தையும் சொந்தக் கையுழைப்பையும் கொண்டு விவசாயக் குடும்பங்கள் எழுப்பிய தொழில் இது என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

இன்று அத்தொழில் பெரிய ஆலைகளின் மதிற்சுவருக்குள் அடங்கி நிற்கவில்லை. சோமனூர், பல்லடம் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு விசைத்தறிக் கொட்டகை. திருப்பூரில் சந்துக்குச் சந்து பனியன் கம்பெனி. வெள்ளகோவில் பக்கத்தில் கழிவுப் பஞ்சிலிருந்து நூல் நூற்கும் ஓ.இ. மில்கள், பொள்ளாச்சியில் தேங்காய் நார்க் களங்கள், கோயமுத்தூரில் உருக்கிய இரும்பை வார்க்கும் பவுண்டரிகள். பெரிய ஆலையில் தீயணைக்கும் குழாயும், பாதுகாப்பு அதிகாரியும், பயிற்சி பெற்ற ஆட்களும் பெரும்பாலும் இருப்பார்கள். ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டும் சிறு கொட்டகையில் பல சமயம் ஒரு சிவப்பு வாளியைத் தவிர வேறொன்றும் இராது. அந்த வாளியிலும் மணலுக்குப் பதில் பீடித் துண்டுகள் கிடக்கும்.

பஞ்சின் சுபாவம்

அபாயத்தை அளக்க வேண்டுமானால் முதலில் பஞ்சின் சுபாவத்தை அறிய வேண்டும். தீக்கு மூன்று பொருள்கள் வேண்டும்: எரிவதற்கு ஒரு பொருள், அதை மூட்டும் உஷ்ணம், காற்று. நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு. பஞ்சு எரிந்துகொண்டிருக்க நூற்றுக்கு 18 பங்கு போதும். அதாவது, சாதாரணக் காற்றிலேயே அதற்குத் தேவைக்கு மிஞ்சிய பிராணவாயு இருக்கிறது. மூன்றில் இரண்டு பொருள்கள் நூற்பாலையில் எப்போதும் தயாராக நிற்கின்றன. மூன்றாவதாகிய உஷ்ணத்தை மட்டும் நாம் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

அந்த உஷ்ணம் எந்த வழியாக உள்ளே நுழைகிறது? விளைநிலத்திலிருந்தும் ஜின்னிங் சாலையிலிருந்தும் வரும் பொதியில் ஓர் ஆணியோ, கல்லோ, பொதி கட்டிய இரும்புப் பட்டையின் துண்டோ கலந்து வந்துவிடுகிறது. ஆலைக்காரர்கள் "ப்ளோரூம்" என்று அழைக்கும் பகுதியில், வேகமாகச் சுழன்று பஞ்சை உதறும் யந்திரத்தில் அது மோதித் தீப்பொறி எழும்புகிறது. பொறி பட்ட ஒரு சிறு பஞ்சுத் திரள், குழாயில் ஓடும் காற்றோடு சேர்ந்து சில விநாடிகளில் அடுத்த யந்திரத்தை அடைந்துவிடுகிறது. பார்க்கிறவர் தீயை ஓரிடத்தில் அணைத்துக்கொண்டிருக்கும்போது, அது நாலாவது யந்திரத்தில் புதிதாய்த் தொடங்கியிருக்கும். ஆகவேதான் வழியிலேயே இரும்பைப் பிடித்துக்கொள்ளும் காந்தங்களும், குழாய்க்குள் பொறியைக் கண்டு அதை வேறு பாதையில் தள்ளிவிடும் கருவிகளும் நல்ல ஆலைகளில் பொருத்தப்படுகின்றன. எண்ணெய் வற்றிய பேரிங், இறுகித் தேயும் பெல்ட், உருளையில் சுற்றிக்கொண்ட பஞ்சு ஆகியவை உராய்வினால் சூடேறித் தீ மூட்டுவனவாகும். நடுவே ஒருவர் இரும்புச் சட்டத்தை வெல்டிங் செய்ய வருகிறார். அவர் போய் அரைமணி கழித்து, மூலையில் விழுந்த பொறி விழித்துக்கொள்கிறது.

தீ பிடித்த பொதியின் சூழ்ச்சி இன்னும் பெரிது. மேலே ஜுவாலை அணைந்துவிட்டது என்று நம்பிக் கிடங்கைப் பூட்டிப் போனால், பொதிக்குள்ளே அகப்பட்ட காற்றைக் கொண்டு அது உள்ளுக்குள் புகைந்து, நாட்கள் கழித்தும் மறுபடி எரியும். பவுடர் தூவினால் மேல்தீ அடங்கும், உள்தீ அடங்காது. அத்தகைய பொதியை வெளியே கொண்டுபோய்ப் பிரித்து, நீரில் நனைத்தாலன்றிப் பயமில்லை என்று சொல்ல முடியாது.

இதன் கொடூரத்தைத் தேசம் ஒருமுறை பார்த்திருக்கிறது. 1944 ஏப்ரல் 14-ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் "போர்ட் ஸ்டிகின்" என்ற கப்பல் வெடித்து, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அக்கப்பலில் வெடிமருந்தும் பஞ்சுப் பொதிகளும் சேர்த்து ஏற்றப்பட்டிருந்தன. தீ முதலில் கண்டது பஞ்சில். அதை அணைக்கச் சென்று உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாகவே, ஆண்டுதோறும் ஏப்ரல் 14 தீத்தொண்டு நாளாகத் தேசமெங்கும் அனுஷ்டிக்கப்படுகிறது. நம் சித்திரைப் புத்தாண்டும் பெரும்பாலும் அதே நாளில் வருகிறது. புதுக் கணக்குப் போட்டு, யந்திரங்களுக்குப் பொட்டு வைக்கும் அந்த நாளில், யந்திரத்தின் பக்கத்திலிருக்கும் கதவு திறக்கிறதா என்று பார்ப்பதும் ஒரு பூஜையே ஆகும்.

பூட்டிய கதவு

கதவைப் பற்றிச் சொல்லக் காரணமுண்டு. சில காலத்திற்கு முன் கொங்கு நாட்டு ஊர் ஒன்றில் ஒரு நூற்பாலையைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. தரை சுத்தமாயிருந்தது. சுவரில் தீயணைப்புக் கருவிகள் வரிசையாகத் தொங்கின. கோடியில் ஒரு கதவு. அதன் மேல் சிவப்பு எழுத்தில் "அவசர வழி" என்று எழுதியிருந்தது. கதவின் குறுக்கே சங்கிலியும், சங்கிலியில் ஒரு பூட்டும் தொங்கின. சாவி எங்கே என்று கேட்டோம். வாட்ச்மேனிடம் என்றார் மேஸ்திரி. வாட்ச்மேன் எங்கே? முன்கேட்டில் இல்லை, டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வரும் வரையில் நாமும், அந்தச் சாலையில் வேலை செய்துகொண்டிருந்த நாற்பது பெண்களும் அந்தப் பூட்டின் தயவில் இருந்தோம். பூட்டுவானேன் என்றதற்கு நிர்வாகி ஒளிக்காமல் பதில் சொன்னார்: "திறந்து வைத்தால் சரக்கு வெளியே போய்விடுகிறது, ஐயா." அவர் பொல்லாதவரல்லர். சரக்கு திருட்டுப் போவதை அவர் கண்ணாற் பார்த்திருக்கிறார். தீயை அவர் இன்னும் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

இதே பதிலை நூறு வருஷங்களுக்கு முன் வேறொரு நகரத்தார் சொல்லியிருக்கிறார்கள். 1911 மார்ச் 25-ஆம் தேதி, நியூயார்க்கில் டிரையாங்கிள் என்னும் சட்டை தைக்கும் தொழிற்சாலையில், துணி வெட்டும் மேஜையின் அடியில் துண்டுத் துணி போட்டு வைத்திருந்த பெட்டியில் தீப்பற்றியது. ஒன்பதாம் மாடியில் இருந்தவர்கள் ஓடிப்போய்த் தள்ளிய கதவு பூட்டியிருந்தது. சரக்கைத் திருடுவார்கள் என்பதற்காகவே பூட்டுவது அங்கே வழக்கம். தீயணைப்பு ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. அரைமணி நேரத்திற்குள் 146 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பிழைக்க வழிதேடிக் கடல் கடந்து வந்த இளம் பெண்கள். முதலாளிகள் இருவரும் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். 1914-ல் வழக்குத் தொடுத்த குடும்பங்களுக்கு உயிர் ஒன்றுக்கு 75 டாலர் என்று கணக்குத் தீர்க்கப்பட்டது. திருப்பூரில் எந்தக் கட்டிங் மேஜையின் அடியிலும் குனிந்து பாருங்கள்; அதே துண்டுத் துணிக் குவியல் இன்றும் கிடக்கக் காணலாம்.

பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2012 நவம்பர் 24-ஆம் தேதி, நமது பக்கத்து நாடாகிய வங்காள தேசத்தில், டாக்கா நகருக்கு அருகே தஸ்ரீன் என்னும் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. கீழ்த்தளத்தில் துணியும் நூலும் குவித்து வைத்திருந்த இடத்தில் அது தொடங்கியது. எச்சரிக்கை மணி அடித்தபோது மேற்பார்வையாளர்கள், "ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள்" என்று ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். 112 பேருக்குக் குறையாமல் மாண்டனர். அங்கேயும் பூட்டிய கேட்டுகளும், கம்பி அடித்த ஜன்னல்களும் இருந்தன. 2019 டிசம்பர் 8-ஆம் தேதி நம் தலைநகராகிய டில்லியில், அனாஜ் மண்டி என்ற சந்தில் பைகள் முதலியன செய்யும் பட்டறைக் கட்டிடத்தில் விடியற்காலையில் தீ எழுந்தது. வேலை செய்த இடத்திலேயே படுத்துறங்கிய 43 தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், தீயைக் காட்டிலும் கதவு அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. கொங்கு நாட்டில் மூன்றின் அம்சங்களும் இருக்கின்றன. துண்டுத் துணி இருக்கிறது. கீழ்த்தளத்தில் சரக்கும் மேல்தளத்தில் ஆட்களும் இருக்கும் கட்டிடங்கள் இருக்கின்றன. தென் ஜில்லாக்களிலிருந்து வந்து ஆலை விடுதிகளில் தங்கும் இளம் பெண்களும், பீகார், ஒரிஸ்ஸா, ஜார்க்கண்டு முதலிய பிரதேசங்களிலிருந்து வந்து, வேலைத்தலத்தை ஒட்டியே குடியிருக்கும் வாலிபர்களும் இருக்கிறார்கள். பெண்களின் பாதுகாப்புக்காக விடுதியை இரவில் பூட்டுகிறோம் என்று நிர்வாகிகள் சொல்லலாம். பாதுகாப்பு வேண்டியதே. ஆனால் உள்ளிருந்து திறக்க முடியாத கதவு பாதுகாப்பன்று, அது சிறை. சிறைக்குக்கூட விழித்திருக்கும் காவலர் உண்டு.

சட்டம் சொன்னதும் சொல்லாததும்

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் 38-வது பிரிவில் இதைத் தெளிவாகவே கூறிற்று. ஆட்கள் உள்ளே இருக்கையில், உள்ளிருந்து உடனே எளிதில் திறக்க முடியாதபடி எந்தக் கதவையும் பூட்டக்கூடாது என்றும், கதவுகள் வெளிப்பக்கம் திறப்பனவாக அமைய வேண்டும் என்றும் அது விதித்தது. 1987-ல் அச்சட்டத்தைத் திருத்தியபோது, தப்பும் வழியை எல்லாத் தொழிலாளரும் அறிந்திருக்கவும் பழகியிருக்கவும் செய்ய வேண்டும் என்ற கடமையும் அப்பிரிவில் எழுதப்பட்டது. சுதந்தரம் அடைந்த மறு வருஷமே இத்தகைய சட்டம் செய்த தேசம் நமது தேசம் என்பதை மறக்கலாகாது.

அச்சட்டத்துக்குப் பதிலாக, 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் முதல் அமலுக்கு வந்திருக்கிறது. முன்பு மின்விசை கொண்டு 10 பேர் வேலை செய்யும் இடம் தொழிற்சாலை எனப்பட்டது. இப்போது அப்பெயருக்கு 20 பேர் வேண்டும். இதனால் சிறு முதலாளிகளுக்குத் தொல்லை குறையும் என்பது உண்மையே. ஆனால் கொங்கு நாட்டுக் கொட்டகைகளில் எத்தனையோ தொழிற்சாலை என்ற கணக்கிலிருந்து விலகிவிடும் என்பதும் உண்மை. நெருப்பு ஆள் கணக்குப் பார்த்து வருவதில்லை. சட்டத்தின் கண் எட்டாத இடத்தில் நம் கண்ணேனும் எட்ட வேண்டும்.

அளந்து பார்க்கும் முறை

அபாயத்தை மதிப்பிடுவது என்றவுடன் பட்டம் பெற்ற நிபுணர், தடித்த அறிக்கை, பெரிய செலவு என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரிய ஆலைக்கு நிபுணர் அவசியமே. சிறிய கொட்டகைக்கு, முதலாளியும் மூத்த தொழிலாளி ஒருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் ஒரு மணி நேரம் சுற்றி வந்தால் ஆரம்பத்துக்குப் போதும். அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் ஐந்து.

முதலாவது: இங்கே எரியக்கூடியது எது, அதை மூட்டக்கூடியது எது, இரண்டும் எங்கே சந்திக்கின்றன? கழிவுப் பஞ்சு மூட்டைக்கு மேலே பல்பு தொங்குகிறதா, இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் பாலிதீன் பைகள் அடுக்கியிருக்கிறதா, சாயத்துக்கும் கறை நீக்கவும் வைத்திருக்கும் திரவங்கள் மூடியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தூசியைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளுவது சுத்தம் செய்வதாகாது; தரையிலிருந்த அபாயத்தை உத்தரத்தின்மேல் ஏற்றி வைப்பதாகும்.

இரண்டாவது: தீப்பற்றினால் சிக்கிக்கொள்வோர் யார்? இரவு ஷிப்டில் இருப்போர், மேல்மாடியில் இருப்போர், கழிப்பறையில் இருப்போர், கர்ப்பிணிகள், காது கேளாதோர், நேற்று வேலைக்குச் சேர்ந்தவர், தமிழ் படிக்கத் தெரியாதவர் ஆகிய இவர்களை ஒவ்வொருவராக எண்ண வேண்டும். "தீ" என்று தமிழில் மட்டும் எழுதி வைத்தால், ஒரிஸ்ஸாவிலிருந்து வந்த பையனுக்கு அது சுவரில் வரைந்த கோலம்.

மூன்றாவது: எதை அகற்றலாம், எதைக் குறைக்கலாம்? அன்றாடக் கழிவை அன்றாடம் வெளியேற்றுவது, கிடங்கையும் வேலைத்தலத்தையும் சுவரால் பிரிப்பது, பொதிகளின் நடுவே வழி விடுவது, வெல்டிங் வேலைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, முடிந்த பின் ஒரு மணி நேரமாவது ஒருவரைக் காவல் வைப்பது, மின்கம்பிகளை வருஷத்துக்கு ஒருமுறை தக்கவரைக் கொண்டு சோதிப்பது ஆகிய இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணத்தைவிட ஒழுங்கே தேவை.

நாலாவது: எல்லாவற்றையும் மீறித் தீப்பற்றினால், யார் மணி அடிப்பது, யார் மின்சாரத்தை நிறுத்துவது, யார் 101-க்குப் போன் செய்வது, எல்லோரும் வெளியே வந்து கூடும் இடம் எது, தலை எண்ணுவது யார்? மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றலாகாது என்பதும், பஞ்சுக் குவியலில் நீரை வேகமாகப் பீய்ச்சினால் எரியும் துணுக்குகள் சிதறித் தீ பரவும் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒத்திகை பார்த்தால் இந்த விடைகள் காகிதத்திலிருந்து இறங்கி ஆட்களின் கால்களில் ஏறிவிடும். புகையில் கண் தெரியாதபோது வழி காட்டுவது பழகிய கால்களே.

ஐந்தாவது: இவற்றை எழுதி வைத்தோமா? மறுபடி எப்போது பார்ப்போம்? புது யந்திரம் வந்தாலும், கூடுதல் ஆர்டர் வந்து சரக்குக் குவிந்தாலும், புது ஆட்கள் சேர்ந்தாலும் பழைய கணக்குச் செல்லாது. தீபாவளிக்கு முந்திய மாதத்து பனியன் கம்பெனியும், தை மாதத்து பனியன் கம்பெனியும் ஒன்றல்ல.

செலவும் வருமானமும்

"இவையெல்லாம் சரி, யார் செலவு செய்வது?" என்று முதலாளிமார் கேட்பார்கள். நூல் விலை ஏறி இறங்கும் காலத்தில் அது அலட்சியம் செய்யத்தக்க கேள்வியன்று. இதற்குப் பதில் ஒரு பஞ்சாலை முதலாளியின் வரலாற்றிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் ரோட் தீவு ராஜ்யத்தில் ஜக்கரையா ஆலன் என்பவர் ஓர் ஆலை வைத்திருந்தார். தீ தாங்கும் கதவு, தண்ணீர் பம்பு, குழாய் முதலியவற்றைத் தம் செலவில் அமைத்துவிட்டு, அபாயம் குறைந்திருப்பதால் இன்ஷூரன்ஸ் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று கம்பெனியாரைக் கேட்டார். நல்ல ஆலைகள் கட்டும் பணத்தைக் கொண்டே மோசமான ஆலைகளின் நஷ்டத்தை ஈடு செய்கிறோம் என்ற முறையில் அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆலன் சும்மா இருக்கவில்லை. 1835-ல் மற்ற ஆலை முதலாளிகளைச் சேர்த்து, தமக்குத் தாமே இன்ஷூர் செய்துகொள்ளும் பரஸ்பர சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். அதில் சேர வேண்டுமானால் ஆலையைப் பரீட்சைக்கு உட்படுத்த வேண்டும். ஒருவர் ஆலை எரிந்தால் எல்லோருக்கும் நஷ்டம். ஆகவே ஒருவர் ஆலையை எல்லோரும் பார்த்தார்கள். 1874-ல் பார்மலி என்பவரும், 1881-ல் கிரின்னெல் என்பவரும் செய்த தானாக நீர் தெளிக்கும் கருவி, பஞ்சாலைகளில் விரைந்து பரவியதற்கும் இத்தகைய சங்கங்களே முக்கிய காரணம்.

அந்த அமெரிக்கர் செய்ததைக் கொங்கு நாட்டார் செய்ய முடியாதா? கோயமுத்தூரில் ஆலை முதலாளிகள் சங்கம் 1933 முதல் இருக்கிறது. திருப்பூரில் ஏற்றுமதியாளர் சங்கம் 1990 முதல் இருக்கிறது. விசைத்தறியாளருக்கு ஊர்தோறும் சங்கங்கள் உண்டு. கூலிக்கும் நூல் விலைக்கும் கூடிப் பேசும் இச்சங்கங்கள், தீக்கும் ஒருமுறை கூடட்டும். பத்துக் கொட்டகைகளுக்கு ஒரு குழு. மாதம் ஒருமுறை ஒருவர் கொட்டகையை மற்றவர் பார்ப்பது. பொதுச் செலவில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் பம்பும். தனியொரு விசைத்தறிக்காரருக்கு மலையாகத் தோன்றும் செலவு, பத்துப் பேருக்குப் பங்கிட்டால் சுமையன்று. வாய்க்கால் நீரை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்த விவசாயியின் பேரப்பிள்ளைகளுக்கு இது புதிய பாடமாகாது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்போருக்கும் ஒரு வார்த்தை. எரிந்த யந்திரத்துக்குப் பணம் வரும். எரிந்த பொதிக்குப் பணம் வரும். கைவிட்டுப் போன ஆர்டர் திரும்பாது. உயிரைப் பற்றியோ பேச வேண்டியதே இல்லை. வங்காள தேசத்தில் தஸ்ரீன் தீக்கும், 2013 ஏப்ரலில் 1,134 பேரைப் பலிகொண்ட ரானா பிளாசா இடிவுக்கும் பிறகு, அந்நிய வியாபாரிகளும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஆலைகள் பரிசோதிக்கப்பட்டு, அறிக்கைகள் பகிரங்கமாக வெளியிடப்பட்டன. ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொடுத்து அவர்கள் கற்ற பாடத்தை நாம் இலவசமாகவே கற்கலாம். வெளிநாட்டு வியாபாரி வந்து சொன்ன பிறகு பூட்டை எடுப்பதைவிட, நம் ஆட்களின் உயிரை எண்ணி நாமே எடுப்பது சுதேசியத்துக்கு அழகு.

தொழிலாளரும் சர்க்காரும்

தொழிலாளத் தோழர்களுக்கும் கடமை உண்டு. பஞ்சுக் கிடங்கின் நிழலில் பீடி பற்றவைப்பவரும், சூடேறிய பேரிங்கின் வாடையை உணர்ந்தும் ஷிப்ட் முடியட்டும் என்று வாளாவிருப்பவரும் தம் தோழர்களுக்கே துரோகம் செய்கிறார்கள். ஆனால் வாடையைச் சொன்னவரை "யந்திரத்தை நிறுத்தி உற்பத்தியைக் கெடுக்கிறான்" என்று திட்டும் மேஸ்திரி இருக்கும் வரையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அபாயத்தை முதலில் காண்பவர் யந்திரத்தின் பக்கத்தில் நிற்பவரே. அவருடைய வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டு, கதவின் பூட்டை மட்டும் எடுப்பதில் பயனில்லை. தொழிற்சங்கங்கள் போனஸ் கோரிக்கைப் பட்டியலின் முதல் வரியில், பூட்டாத கதவைக் கோரட்டும். அது முதலாளிக்குச் செலவு வைக்காத கோரிக்கை.

சர்க்காரும் லைசென்ஸ் காகிதத்தில் முத்திரை குத்துவதோடு நிற்கலாகாது. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்த பிறகே, கூரைக் கொட்டகைகளைத் தேடி அதிகாரிகள் ஊர் ஊராகச் சென்றார்கள். விபத்துக்குப் பின் வரும் சுறுசுறுப்பு முன்னே வர வேண்டும். தீயணைப்பு நிலையத்தார் ஆலைகளுக்கும் கொட்டகைகளுக்கும் வந்து கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். தண்ணீர் வண்டி நுழைய முடியாத சந்துகளில் பட்டறை வைக்க அனுமதிப்பது பற்றி நகரசபைகள் யோசிக்க வேண்டும். பரிசோதனையின் முடிவு ஆலையின் வாசலில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டப்பட வேண்டும்.

செல்வர்கள் தங்கள் செல்வத்துக்குச் சொந்தக்காரரல்லர், தர்மகர்த்தாக்களே என்பது மகாத்மா காந்தி முதலாளிகளுக்கு உபதேசித்த தர்மம். அவருடைய கதர் இயக்கத்துக்குப் பெரிய நிலையமாக விளங்கியது திருப்பூர். கொடியைக் காத்த குமரனை 1932-ல் தேசத்துக்கு அளித்ததும் அவ்வூரே. தர்மகர்த்தாவிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள்களில் முதன்மையானது யந்திரமும் அன்று, பொதியும் அன்று. காலையில் டிபன் பாத்திரத்தோடு கேட்டுக்குள் நுழைந்த ஆள். அவர் மாலையில் அதே கேட்டின் வழியாக வீடு திரும்ப வேண்டும். இதற்குப் பெரிய திட்டங்கள் வரும் வரையில் காத்திருக்க வேண்டாம். இதைப் படிக்கும் அன்பர்களில் ஆலை வைத்திருப்போரும், ஆலையில் வேலை செய்வோரும், சங்கம் நடத்துவோரும் உண்டு. நாளைக் காலையில் முதற்காரியமாகத் தத்தம் தொழிலிடத்தின் கோடிக் கதவு வரையில் நடந்து போய், அதைக் கையால் தள்ளிப் பாருங்கள். திறந்தால், மற்றக் கேள்விகளைத் தொடங்குங்கள். திறக்காவிட்டால், சாவியைத் தேடி யாரையும் அனுப்ப வேண்டாம், பூட்டையே எடுத்துவிடுங்கள்.